ஒரே ஆய்வு.. நான்கு துறைகள்.. பிஎச்.டி-க்கு எந்த டிபார்ட்மென்ட்டில் சேர வேண்டும்? முடிவெடுப்பது எப்படி?

2009-ம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ஆனால் அவர் முனைவர் பட்டம் வாங்கியது வேதியியலில் அல்ல, இயற்பியலில். அதே ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அமெரிக்காவின் எலினோர் ஆஸ்ட்ரம், முனைவர் பட்டம் வாங்கியது அரசியல் அறிவியலில்.

அப்போ பிஎச்.டி-க்கு எந்த துறையில் சேர்ந்தாலும் ஒன்றுதானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 1976-ல் ஓஹியோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய ராமகிருஷ்ணன், உயிரியல் கற்றுக்கொள்வதற்காக கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து சுமார் இரண்டு ஆண்டுகள் படித்தார். ரைபோசோம் ஆய்வுக்குள் அவர் நுழைந்தது அதற்குப் பிறகுதான். ஆஸ்ட்ரமுக்கோ பொருளியலில் பிஎச்.டி சேர ஆசை இருந்தது. கணிதம் போதுமான அளவு படிக்கவில்லை என்பதால் அந்தக் கதவு திறக்கவில்லை.

இருவரும் பின்னர் சாதித்தார்கள். ஆனால் துறைகளுக்கு நடுவே இருக்கும் கோடு எவ்வளவு நிஜமானது என்பதை இருவருமே அனுபவித்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பிஎச்.டி-க்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கும் அதே கோடுதான் முன்னால் நிற்கிறது. இரண்டு மூன்று துறைகளைத் தொடும் ஆய்வு ஆர்வம் உள்ளவர்கள் எந்தத் துறையைத் தேர்வு செய்வது? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது?

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு மாணவி, எம்.எஸ்சி சுற்றுச்சூழல் அறிவியல் முடித்திருக்கிறார். வெயில் கூடிக்கொண்டே போவது உப்பளத் தொழிலாளர்களை எப்படி பாதிக்கிறது என்று ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு, இந்தத் தலைப்புக்கு முக்கியத்துவமும் கூடியிருக்கிறது.

தலைப்பு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எந்தத் துறையில் செய்வது?

பொது சுகாதாரத் துறையில் சேர்ந்தால், தொழிலாளர்களின் உடல் வெப்பம், நீரிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றை அளக்கச் சொல்வார்கள். சுற்றுச்சூழல் அறிவியல் அல்லது புவியியல் என்றால், செயற்கைக்கோள் படங்களை வைத்து பல ஆண்டு தரை வெப்பநிலையை வரைபடமாக்குவார்கள். பொருளியல் என்றால், வெயிலால் எத்தனை நாள் வேலை போனது, கூலி எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு வரும். சமூகவியல் என்றால், பாத்திகளில் இறங்கி வேலை செய்யும் பெண்களோடு மாதக்கணக்கில் பேசி, யார் வெயிலில் நிற்கிறார்கள், யாருக்கு நிழல் கிடைக்கிறது, ஏன் என்று எழுத வேண்டியிருக்கும்.

நான்குமே நல்ல ஆய்வுகள்தான். ஆனால் நான்கும் வேறு வேறு தீசிஸ். விண்ணப்பப் படிவத்திலோ துறை என்ற இடத்தில் ஒரே ஒரு பெயரைத்தான் எழுத முடியும்.

முதல் டெஸ்ட்: வினைச்சொல் என்ன?

இங்கே பல மாணவர்கள் செய்யும் தவறு, தலைப்பில் இருக்கும் பெயர்ச்சொல்லை வைத்து துறையைத் தேடுவது. 'வெப்பம்' என்று வந்தால் சுற்றுச்சூழல், 'தொழிலாளர்' என்று வந்தால் சமூகவியல் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அதைவிட எளிதான வழி, ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு அதன் வினைச்சொல்லைப் பார்ப்பது. ஐந்து ஆண்டுகள் தினமும் காலையில் எழுந்து செய்யப்போகும் வேலை அந்த வினைச்சொல்தான். உடலில் நடப்பதை 'அளக்க' வேண்டுமா? இடத்தை 'வரைபடமாக்க' வேண்டுமா? இழப்பைக் 'கணக்கிட' வேண்டுமா? மனிதர்களிடம் 'கேட்டறிய' வேண்டுமா?

தலைப்பு எந்தத் துறைக்கும் போகும். ஆய்வு முறை அப்படிப் போகாது. ரத்த, சிறுநீர் மாதிரிகளைச் சேகரிக்க ஆய்வகமும், மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் தேவை. அது பொருளியல் துறையில் பெரும்பாலும் இருக்காது. அதேபோல, ஆறு மாதம் களத்தில் தங்கி எழுதும் பயிற்சியை ஒரு ரிமோட் சென்சிங் ஆய்வகத்தில் எதிர்பார்க்க முடியாது.

ஆக, எந்த முறையை முழுமையாகக் கற்றுக்கொள்ள வேண்டுமோ, அதைச் சொல்லிக்கொடுக்கும் துறையே முதல் தேர்வு. மற்ற துறைகளிலிருந்து தேவையானதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

துறை மாறினால் என்னவெல்லாம் மாறும்?

துறை என்பது வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மட்டும் கிடையாது. யுஜிசி-யின் 2022-ம் ஆண்டு பிஎச்.டி விதிமுறைகளின்படி ஆய்வு மாணவரின் பயணத்தில் குறைந்தது மூன்று கட்டங்களைத் துறையே தீர்மானிக்கிறது.

ஒன்று, கோர்ஸ் ஒர்க். குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். என்ன பாடங்கள் என்பது துறையைப் பொறுத்தது. வேறு துறையின் பாடத்தை எடுக்க அனுமதி உண்டா என்பதை சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டு, ஆய்வு ஆலோசனைக் குழு. சில பல்கலைக்கழகங்களில் இதற்கு டாக்டோரல் கமிட்டி என்று பெயர். ஒவ்வொரு செமஸ்டரும் இந்தக் குழு முன்பு மாணவர் தன் ஆய்வின் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். குழுவில் இருப்பவர்கள் தங்கள் துறையின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்கள். பொருளியல் குழுவிடம் 40 பேரின் நேர்காணலைக் கொண்டுபோனால் 'சாம்பிள் போதாது' என்று சொல்லக்கூடும். சமூகவியல் குழுவிடம் 2,000 பேரின் சர்வே அட்டவணையைக் கொண்டுபோனால் 'இதில் மனிதர்கள் எங்கே?' என்று கேட்கக்கூடும்.

மூன்று, தேர்வாளர்கள். ஆய்வறிக்கையை அந்தப் பல்கலைக்கழகத்தில் பணிபுரியாத, அந்தத் துறையில் நிபுணத்துவம் உள்ள குறைந்தது இரண்டு பேர் மதிப்பிட வேண்டும். இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்கும் தீசிஸ், அதில் ஒரு துறையை மட்டுமே அறிந்த தேர்வாளரிடம் போனால், திருத்தம் கேட்டுத் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

டிபார்ட்மென்ட் முக்கியமா, கைடு முக்கியமா?

பலதுறை ஆய்வுக்கு இது பெரிய கேள்வி. பெயர் பெற்ற துறையில் அந்தத் தலைப்பைத் தொடாத கைடு கிடைப்பதைவிட, அதிகம் பேசப்படாத துறையில் அந்தத் தலைப்பிலேயே வேலை செய்யும் கைடு கிடைப்பது பெரும்பாலும் நல்லது. ஏனென்றால், குழு முன்பு மாணவருக்காகப் பேசப்போவதும், சரியான தேர்வாளர்களின் பெயரைப் பரிந்துரைக்கப்போவதும் அவர்தான்.

ஆனால் கைடு விஷயத்திலும் கணக்கு இருக்கிறது. 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்ட முடியும். இடம் காலியாக இருந்தால்தான் சேர முடியும். பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவர்களை எடுக்க முடியாது. அதனால் 'சார் இடம் இருக்கா, எப்போ ரிட்டயர் ஆகிறார்' என்பது கேட்கக் கூச்சப்பட வேண்டிய கேள்வி அல்ல.

கைடு ஒருவரை மட்டுமே நம்பிப் பொருந்தாத துறையில் சேர்வதிலும் ஆபத்து உண்டு. அவர் வேறு ஊருக்கு மாறினாலோ, நீண்ட விடுப்பில் போனாலோ, அந்தத் துறையில் அந்த ஆய்வைப் புரிந்துகொள்ள இன்னொருவராவது இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் யோசிக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் தைரியமாகச் சேரலாம்.

கோ-கைடு: சட்டத்திலேயே இருக்கும் வழி

வேறு துறையின் உதவியைப் பெற பலருக்கும் தெரியாத வழி ஒன்று விதிகளிலேயே இருக்கிறது. உரிய அனுமதியுடன் அதே பல்கலைக்கழகத்தின் வேறு துறையிலிருந்தோ, வேறு நிறுவனத்திலிருந்தோ இணை வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளலாம்.

உப்பள ஆய்வு மாணவி சுற்றுச்சூழல் அறிவியல் துறையிலேயே பதிவு செய்துகொண்டு, பொது சுகாதாரத்தில் ஒருவரை கோ-கைடாக வைத்துக்கொள்ள முடியும். உப்பளத் தொழிலாளர்கள் உட்பட வெயிலில் வேலை செய்பவர்களின் உடல்நலம் பற்றி சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அப்படி ஏற்கெனவே அந்தக் களத்தில் இருக்கும் இடங்களைத் தேடுவது புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. கோ-கைடு என்பது வாய்வார்த்தையாக இருந்தால் பயனில்லை. பதிவின்போதே பெயர் சேர்க்கப்பட வேண்டும், குழுவிலும் அவர் இடம்பெற வேண்டும். இரண்டு கைடுகளும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்களா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்தான்.

வேலை வாய்ப்பில் என்ன சிக்கல்?

இதுதான் இந்த விஷயத்தில் மிகவும் வலிக்கும் பகுதி. ஆய்வு பல துறைக்குச் சொந்தமாக இருக்கலாம். வேலை விளம்பரம் பெரும்பாலும் ஒரு துறைக்குத்தான் வரும்.

கல்லூரி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு, யுஜிசி-யின் 2018 விதிமுறைகள் சம்பந்தப்பட்ட அல்லது அதையொட்டிய பாடத்தில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் முதுநிலைப் பட்டம் கேட்கின்றன. தமிழ்நாட்டில் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் வெளியிடும் அறிவிப்பிலும் காலியிடங்கள் பாடவாரியாகத்தான் வரும். 'சுற்றுச்சூழல் சுகாதாரம் மற்றும் சமூக ஆய்வுகள்' என்பது போன்ற பெயரில் பட்டம் வைத்திருப்பவர், அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்று நிரூபிக்க வேண்டிய நிலை வரலாம். தமிழ்நாடு அரசுப் பணிகளுக்கு ஒரு பட்டம் இன்னொன்றுக்கு இணையானது என்பதை உயர்கல்வித் துறை தனித்தனி அரசாணைகள் மூலம் அறிவிக்கிறது. தன் பட்டத்துக்கு அப்படி ஒரு அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே தேடிப் பார்ப்பது, படித்து முடித்த பிறகு அலைவதைவிட நல்லது.

இந்த நிலை மாறுமா? 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட புதிய வரைவு விதிகளில், இளநிலை, முதுநிலைப் பாடம் வேறாக இருந்தாலும் பிஎச்.டி செய்த பாடத்தில் ஆசிரியராகலாம் என்ற யோசனை இருந்தது. துணைவேந்தர் நியமனம் தொடர்பான பகுதிகளால் அந்த வரைவு தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களின் எதிர்ப்பைச் சந்தித்தது. வரைவை நம்பி ஐந்து ஆண்டுத் திட்டம் போட முடியாது. விண்ணப்பிக்கும் நேரத்தில் அமலில் உள்ள விதிதான் கணக்கு.

பேராசிரியர் வேலைதான் லட்சியம் என்று இல்லாதவர்களுக்கு நிலைமை வேறு. ஆய்வு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், தனியார் ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் பட்டத்தில் உள்ள துறைப் பெயரைவிட, என்ன தெரியும், என்ன எழுதியிருக்கிறார் என்பதையே அதிகம் பார்க்கும்.

நெட் தேர்வில் எந்தப் பாடம்?

2024 ஜூன் முதல் யுஜிசி நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி-யிலும் சேரலாம். ஜேஆர்எஃப் கிடைக்காமல் மற்ற பிரிவுகளில் தகுதி பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும், நேர்முகத் தேர்வுக்கு 30 சதவீதமும் வெயிட்டேஜ். பிஎச்.டி சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டு மட்டுமே செல்லும்.

பொதுவாக முதுநிலையில் படித்த பாடத்தில்தான் நெட் எழுத வேண்டும். அது பட்டியலில் இல்லை என்றால் அதற்கு நெருங்கிய பாடத்தை எடுக்கலாம். ஆனால் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் பெற்றவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. இளநிலையில் எதைப் படித்திருந்தாலும், பிஎச்.டி செய்ய விரும்பும் பாடத்திலேயே நெட் எழுதலாம். துறை மாற நினைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

பணமும் இங்கே முக்கியம். ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதன்பிறகு எஸ்ஆர்எஃப்-ஆக உயர்ந்தால் 42,000 ரூபாய். அதனால் எந்தப் பாடத்தில் ஜேஆர்எஃப் வாங்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் துறைத் தேர்வில் ஒரு நியாயமான காரணம்தான்.

பலதுறை மையங்களில் சேர்ந்தால் பிரச்னை தீருமா?

இந்தியாவில் இதற்கென்றே உருவான இடங்கள் இருக்கின்றன. டெல்லி ஜேஎன்யு-வில் சமூக மருத்துவம் மற்றும் சமுதாய நலத்துக்கான மையம், ஐஐடி மும்பையில் கிராமப்புறத் தொழில்நுட்பங்களுக்கான சிடாரா மையம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், பெங்களூருவில் இயற்கைப் பாதுகாப்பு ஆய்வுகளுக்கான ஏட்ரீ ஆகியவை சில உதாரணங்கள். பெங்களூரு ஐஐஎஸ்சி, சென்னை ஐஐடி ஆகியவற்றில் இரண்டு துறைகளின் கைடுகளோடு பலதுறை பிஎச்.டி செய்யும் வசதியும் இருக்கிறது. ஐஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தனி விதிகள் என்பதால், அவர்களின் சேர்க்கை அறிவிப்பைத் தனியாகப் படிக்க வேண்டும்.

இங்கே உள்ள பெரிய நன்மை, 'இது நம்ம துறையா?' என்ற கேள்வியே எழாது. மருத்துவர் பக்கத்தில் சமூகவியல் படித்தவர் உட்கார்ந்திருப்பார். குறை என்னவென்றால், எந்த ஒரு முறையையும் ஆழமாகக் கற்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொண்டு வெளியே வரும் அபாயம். ஏற்கெனவே ஒரு துறையில் முதுநிலை அளவில் உறுதியான அடித்தளம் இருப்பவர்களுக்கு இந்த மையங்கள் நன்றாகப் பொருந்தும்.

தவறான துறையில் சேர்ந்துவிட்டால்?

பாதியில் துறையை மாற்றுவது சாதாரண விஷயமல்ல. பெரும்பாலும் புதிய கைடு, புதிய குழு, புதிய கோர்ஸ் ஒர்க், சில நேரங்களில் புதிய பதிவு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிஎச்.டி-க்குக் குறைந்தபட்சம் 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு மூலம் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. அவகாசம் நிறைய இருப்பதுபோல் தெரியும். ஆனால் உதவித்தொகை ஐந்து ஆண்டோடு நின்றுவிடும். தவறான இடத்தில் போகும் இரண்டு ஆண்டுகளின் விலை அப்போதுதான் தெரியவரும்.

துறையை மாற்றாமலே சரிசெய்யும் வழிகளை முதலில் பார்க்கலாம். தலைப்பைக் கொஞ்சம் திருத்துவது, கோ-கைடு சேர்ப்பது, வேறு துறையின் பாடம் ஒன்றைக் கூடுதலாகப் படிப்பது போன்றவை முதல் ஆண்டிலேயே செய்தால் பலன் தரும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் செய்ய வேண்டியவை

* 'ஷோத்கங்கா' இணையதளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வறிக்கைகளை இலவசமாகப் படிக்கலாம். தன் தலைப்புக்கு நெருக்கமான ஐந்து ஆய்வறிக்கைகளை எடுத்து, அவை எந்தத் துறையில், யாருடைய வழிகாட்டுதலில் செய்யப்பட்டன என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று ஒரே துறையைக் காட்டினால், பாதி விடை கிடைத்துவிட்டது.

* அந்த ஐந்தில் எந்தத் தீசிஸைப் பார்த்து 'இதை நான் எழுதியிருக்கணும்' என்று தோன்றுகிறது என்று யோசிக்க வேண்டும். மனம் எந்த முறையை விரும்புகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

* ஐந்து ஆண்டு கழித்துப் போக விரும்பும் வேலையின் விளம்பரங்கள் பத்தைச் சேகரித்து, கல்வித் தகுதி என்ற இடத்தில் என்ன பாடம் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

* மனதில் இருக்கும் கைடிடம் ஏற்கெனவே படிக்கும் இரண்டு மாணவர்களிடம் பேச வேண்டும். எத்தனை பேர் முடித்தார்கள், எவ்வளவு காலம் ஆனது, வேறு துறைப் பாடம் எடுக்க விடுகிறாரா என்று கேட்கலாம்.

* பட்டச் சான்றிதழில் துறையின் பெயர் வருமா, புலத்தின் பெயர் வருமா என்று பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, உப்பள மாணவி என்ன செய்யலாம்?

அவருக்கு அரசுக் கல்லூரியில் ஆசிரியராக வேண்டும் என்றால், முதுநிலை படித்த சுற்றுச்சூழல் அறிவியலிலேயே பதிவு செய்துகொண்டு, பொது சுகாதாரத்தில் கோ-கைடு வைப்பது பாதுகாப்பானது. முதுநிலையும் முனைவர் பட்டமும் ஒரே பாடத்தில் இருக்கும், ஆய்வும் கெடாது. தொழிலாளர் உடல்நலத்தில் முழுநேர ஆய்வாளராக வேண்டும் என்றால், பொது சுகாதாரத்துக்கே போய் நோய்ப்பரவலியலையும் உயிரியல் புள்ளியியலையும் முறையாகக் கற்பதுதான் சரி. பெண் தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதுவதுதான் அவரை உண்மையில் இழுக்கிறது என்றால், கூடுதலாக ஒரு ஆண்டு ஆனாலும் சமூகவியல் பக்கம் போக வேண்டியிருக்கும்.

ஆஸ்ட்ரமின் கதையில் மீதியும் இதைத்தான் காட்டுகிறது. 1965-ல் அரசியல் அறிவியலில் அவர் சமர்ப்பித்த ஆய்வறிக்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பகிர்ந்து காப்பாற்றினார்கள் என்பது பற்றியது. பொருளியல் கதவு மூடியபோது அவர் சேர்ந்த துறை, மக்களிடம் போய்க் கேட்டு, கூட்டங்களில் உட்கார்ந்து கவனிக்கும் முறையை அவருக்குக் கொடுத்தது. 44 ஆண்டுகள் கழித்து பொருளாதார நோபல் பரிசு வந்தது அந்த வழியில் தொடங்கிய ஆய்வுக்குத்தான்.